ஆறு நூல் கோணல்

ஆடி 1, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி முப்பத்தொரு நாளைக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் யாரையும் பிடிக்காது. ஜாதகத்தை எடுக்க மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள், தரகர் போன் செய்தால் குழந்தையிடம் கொடுத்து ‘அம்மா குளிக்கிறாங்க’ என்று சொல்லச் சொல்வார்கள். ஆவணி பிறந்த அன்று காலையில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கல்யாண ஆசை வந்துவிடும். தாராபுரத்தில் பதினெட்டு வருடமாகக் கல்யாணத் தரகு பார்க்கும் எனக்கு இந்த ஒரு மாதம்தான் விடுமுறை. மற்ற வருடங்களில் தூங்குவேன். இந்த வருடம் என் முதுகுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது.

டாக்டர் முதுகின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்றார். வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகுக்குத் தோதாக வண்டியை மாற்ற வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் ஆபரேஷன். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் சிரித்தார். ஜவுளிக்கடைக்குப் போகவேண்டிய மனிதர்.

சென்னியப்ப அண்ணன் திருப்பூரிலிருந்து போன் செய்தது. “போதும் அம்மிணி. ஆவணி பொறந்ததும் டெம்போ கொண்டாரேன். சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு இங்க வந்துரு. மாடில ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது.”

மாடியில். கேலிப்பர் கம்பி கட்டி நடக்கிற காலுக்கு மாடியில் ரூம். அண்ணனுக்கு என்மேல் பாசம் அதிகம், யோசனைதான் கொஞ்சம் கம்மி.

ஆவணி இரண்டாம் தேதி மூலனூரில் ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சி பேசி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நானே வண்டி ஓட்டிப் போய், நானே ஓட்டித் திரும்பி வந்து, படுக்காமல் உட்கார்ந்திருந்தால் தாராபுரத்திலேயே இருப்பேன். முடியாவிட்டால் டெம்போவில் ஏறிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் உடனே சரி என்றது. அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. குறையை முதல் வரியிலேயே எழுது என்று ஊர் ஜாதகத்துக்கெல்லாம் சொல்கிறவள் நான், அதனால் எழுதி வைக்கிறேன். கால்தான் குறை. மற்றபடி சாந்தாமணி நேரானவள்.

ஆடி 3, வெள்ளி

குப்புராஜ் பட்டறைக்குப் போனேன். ஒன்பது வருடத்துக்கு முன் என் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தைக் கழற்றி, அச்சு வைத்து, இரண்டு சக்கரம் மாட்டி மூன்று சக்கர வண்டியாக்கியது அவர்தான். நாற்பது வயதிருக்கும். பேச்சு குறைவு, கர்வம் அதிகம்.

இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். மூன்று சக்கரம் சாயாது. ரோட்டில் ஒரு குழியில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் வண்டி அந்தப் பக்கம் தூக்கிப்போடும், அதன்மேல் உட்கார்ந்திருக்கிற மனுஷியின் இடுப்பு இன்னொரு பக்கம் போகும். எங்கள் ரோடுகளில் குழிக்கு நடுவில்தான் தார் இருக்கிறது. ஒன்பது வருடம் இப்படி ஆடினால் எந்த முதுகும் கோபித்துக்கொள்ளும்.

குப்புராஜ் ரசமட்டத்தை எடுத்து சீட்டின்மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் போய் நின்றது. குழந்தை முதல்முறை நின்றதைப் பார்த்ததுபோல் ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

“பாருங்க்கா. ஒம்பது வருசமாச்சு. இன்னும் மட்டமா நிக்குது.”

மட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் எத்தனை வேலை! சீட்டு மட்டமாக இருந்தால் பட்டறையில் பாராட்டு. மளிகைக்கடையில் பருப்பு மட்டமாக இருந்தால் சண்டை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலாம், பக்கத்து வீட்டுக்காரியை மட்டம் தட்டலாம்.

சீட்டுக்கு மெத்தையை மாற்றலாம் என்று முடிவு செய்தோம். என்னை வண்டியில் உட்காரவைத்து அளவெடுத்தார். ஒருவர் டேப்போடு பார்க்கும்போது எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்தேன், குடியரசு தினத்துக் கொடிக்கம்பம் மாதிரி.

ஆடி 4, சனி

மெத்தை வந்தது. மிருது. மிக மிருது. அதில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும்.

ஆடி 6, திங்கள்

மெத்தை சீட்டு குண்டடம் போவதற்குள் உட்கார்ந்துவிட்டது. அதாவது நான் அதன்மேல் உட்கார, அது வண்டியின் தகரத்தின்மேல் உட்கார்ந்தது. குஷன் கடைக்காரர், “நல்ல சரக்குங்க, பழகோணும்” என்றார். மெத்தை என்னோடு பழக வேண்டுமா, நான் மெத்தையோடு பழக வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தார். நான் கேள்வியாகத்தான் கேட்டேன்.

குப்புராஜ் வேறு ஒன்று சொன்னார். ஹேண்டில்பார் தூரமாக இருப்பதால் நான் முன்னால் குனிகிறேன், அதுதான் வலிக்கிறதாம். ஹேண்டில்பாரை உயர்த்திப் பின்னால் இழுத்து வைத்தார். இப்போது கை மடங்கி, தோள் இறங்கி, ராணி மாதிரி இருக்கிறது. தோளுக்கு நிஜமாகவே சுகம். ஆனால் வலிப்பது தோள் இல்லை.

இதை எழுதும்போது நாற்காலியில் இடது பக்கம் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது சும்மா ஒரு பழக்கம்.

ஆடி 9, வியாழன்

சாய்மானம் வைத்தாயிற்று. உடைத்துப் போட்ட ஏதோ ஒரு பஸ்ஸின் சீட்டிலிருந்து வெட்டி எடுத்ததாம். சாய்ந்து உட்கார்ந்தால் டிக்கெட் எடுக்கச் சொல்லுமோ என்றிருக்கிறது.

பின்னால் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். வேகத்தடையில் ஏறினால் முன்பு போல் தூக்கிப்போடவில்லை, கும்பிட்டு எழுப்புகிறது. இவ்வளவு மரியாதை எனக்கு எந்த மாப்பிள்ளை வீட்டிலும் கிடைத்ததில்லை.

ஆனால் சாய்மானம் இடது தோள்பட்டையில் மட்டும் குத்துகிறது. வலது பக்கம் தொடவே இல்லை. குப்புராஜ் மறுபடி ரசமட்டத்தைக் கொண்டுவந்து சாய்மானத்தின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. ரசமட்டத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து ஸ்பேனரைத் தேடப் போனார்.

ஆடி 11, சனி

அமராவதிப் பாலம் வரைக்கும் போய் வந்தேன். வலி இல்லை. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஆடி 13, திங்கள்

அண்ணன் போன். பின்னால் நங்கை, அதாவது அண்ணன் மனைவி கலாமணி, மாடி ரூமுக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று கேட்கும் சத்தம்.

“எத்தன மாத்துனாலும் வலிக்குதுன்னா என்ன அர்த்தம் அம்மிணி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டி நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான் ஒடம்பு கேக்கல. வயசாச்சல்லோ.”

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து, எனக்கு நாற்பத்தொன்பது. வயதானது எனக்குத்தான்.

சுண்ணாம்பு மஞ்சளே அடிக்கச் சொன்னேன். எனக்குப் பிடிக்காத நிறம்.

ஆடி 16, வியாழன்

குப்புராஜ் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். பட்டறையில் கழற்றி வைத்த சைடு கண்ணாடியைக் கொடுக்க வந்தாராம். கதவு திறந்துதான் இருந்தது. நான் மேஜையில் ஜாதகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“வாங்க குப்புராஜ், உக்காருங்க. காப்பி போடறேன்” என்று எழுந்தேன்.

நாற்காலியில் துண்டு கிடந்தது. இடது பாதியில் மட்டும், நாலாக மடித்து, பத்து வருடமாக நான் உட்கார்ந்து அழுந்திப்போன துண்டு. குப்புராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டறைக்காரருக்கு ஒரு பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்துத் துண்டின் ஓரத்தில் வைத்து அளந்தார்.

“ஆறு நூலுங்க்கா” என்றார்.

பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம். முக்கால் அங்குலம் என்கிறார். யார் கேட்டது?

“நீங்க பட்டறைல உக்காரும்போது இது இல்லீங்க்கா. அப்ப வெறப்பா உக்காந்து அளவு குடுத்தீங்க. வீட்டுல இப்படி உக்காந்துக்கறீங்க. அப்படீன்னா சீட்டு மட்டமாத்தானுங்க இருக்குது. உங்க இடுப்புதான்…”

அதற்கு மேல் சொல்ல நான் விடவில்லை. கல்யாணமாகாத பொம்பளை வீட்டுக்குள் வந்து நாற்காலியை அளப்பது என்ன பழக்கம் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காப்பி அடுப்பிலேயே பொங்கி வழிந்தது.

ஆடி 17, வெள்ளி

கோபம் ஒன்றும் இல்லை. துண்டைத் துவைத்துப் போட்டேன். துண்டு இல்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடம்.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே அமராவதிக்குப் போய்விட்டது. ஆடியிலும் வாசல் ஏறி வந்த ஒரே ஆள், மூலனூர்ப் பெண்ணைப் பார்க்கப் போகிற மாப்பிள்ளையின் அம்மா. பையனுக்கு வலது காது கேட்காது. அதைப் பெண் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக, தேங்காய் பழத்தோடு வந்திருக்கிறார்.

“ஒரு காதுதானுங்க. இன்னொண்ணு நல்லாக் கேக்குது. அவனை எப்பவும் பொண்ணுக்கு வலப்பக்கமா உக்கார வெச்சாப் போச்சு. கல்யாணம் ஆயிப்போனா யாரு காதைப் பாக்கறாங்க?”

நான் ஆரம்பித்தேன். என் பதினெட்டு வருட உபதேசம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். “இந்த பாருங்க. குறையச் சொன்னா, பொறுத்துக்கறவங்க பொறுத்துக்குவாங்க. மறைச்சா, நல்லதைக்கூட நம்ப மாட்டாங்க. பையன் வாழ்க்கை முழுக்க இடம் பாத்து உக்காந்துக்கிட்டே இருப்பானா? எத்தன வருசம் ஒடம்பை ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டே…”

அங்கே நின்றுவிட்டேன். அந்த அம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். தண்ணீர் குடித்தேன். காது விஷயத்தை நானே பெண் வீட்டில் பக்குவமாகச் சொல்கிறேன் என்று சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

என் அம்மா இருந்தவரைக்கும் என் பாவாடையை இடது பக்கம் இரண்டு மடிப்பு அதிகமாக வைத்துக் கட்டிவிடுவாள். ஒட்டிப்போன இடுப்பு தெரியாமலிருக்க. கால் சூம்பியது ஊருக்குத் தெரியும், மறைக்க முடியாது. இடுப்பும் இடது பக்கம் சதையில்லாமல் இறங்கிக் கிடப்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி ‘கோணக்காலி’ என்றபோது அழவில்லை. ‘கோண இடுப்பு’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தினமும் பயந்தேன். கொசுவத்தை நானே அப்படிக் கட்டப் பழகி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அண்ணன் பழமொழி சொன்னதே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று. என் கூடம் கோணலாக இல்லை. அதுதான் சிக்கல்.

ஆடி 20, திங்கள்

ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போனேன். குப்புராஜ் எழுந்து நின்றார், அடி வாங்கத் தயாராக.

“சீட்டைக் கோணலாப் பண்ணிக் குடுங்க. இடது பக்கம் ஆறு நூல் ஒசரமா” என்றேன். என் குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்தது. லேத்தில் வேலை செய்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மன்னிப்பு கேட்கலாமென்று போனேன். அதற்குள் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

“கோணலாவுங்களா? ஏனுங்க்கா, நம்ம பட்டறைல இதுவரைக்கும் ஒரு சாமான் கோணலா வெளிய போனதில்லீங்க. பாக்கறவன் உங்களைச் சிரிக்க மாட்டானுங்க, என்னையத்தான் சிரிப்பான். குப்புராசுக்குக் கண்ணு போயிருச்சும்பான்.”

என் மானத்தை நான் இறக்கி வைக்கப் போன இடத்தில் இவர் தன் மானத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அரை மணி நேரம் பேச்சுவார்த்தை. சம்பந்தி வீடுகள்கூட இவ்வளவு முறுக்கியதில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இடது பாதியில் கெட்டி மெத்தை, வலது பாதியில் மிருது மெத்தை. பார்த்தால் மட்டம், உட்கார்ந்தால் வலது பக்கம் மட்டும் அமுங்கும்.

“உள்ளுக்குள்ள கோணல், வெளிய மட்டமுங்க. ஒருத்தனுக்கும் தெரியாது.”

இருவர் மானமும் தப்பியது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஆடி 23, வியாழன்

முதல் ஐந்து கிலோமீட்டர் சொர்க்கம். இடுப்பு நேராக, முதுகு சாய்மானத்தில் இரண்டு பக்கமும் பதிந்து, ஒன்பது வருடத்தில் முதல்முறை அப்படி உட்கார்ந்தேன். பத்தாவது கிலோமீட்டரில் மிருது மெத்தை செத்துப்போனது. வலது பக்கம் அடியோடு இறங்கி, நான் வலது பக்கம் சரிந்து, இப்போது கோணல் இடம் மாறிவிட்டது. குண்டடம் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, பெஞ்சில் ஒரு மணி நேரம் படுத்துக்கிடந்தேன். என்னிடம் ஜாதகம் கொடுத்த ஒரு குடும்பம் பார்த்துவிட்டு, “தரகரம்மா, யாருக்காச்சும் காத்திருக்கீங்களா?” என்று கேட்டது. ஆமாம், ஒரு நல்ல வரனுக்கு என்றேன்.

நேராகப் பட்டறைக்கு வந்தேன். “மறைச்சுப் பண்ணுனது போதும் குப்புராஜ். அடித் தகரத்துலயே ஆறு நூல் தூக்கி வெல்டு வையுங்க. மேல ஒரே கெட்டி மெத்தை. பாக்கறவனுக்கு நல்லாத் தெரியட்டும்.”

அவர் செத்துப்போன மெத்தையைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பிறகு, “அப்ப சரியா அளவெடுக்கோணுமுங்க்கா. வெறப்பா உக்காராதீங்க. எப்படி வருதோ அப்படி உக்காருங்க” என்றார்.

நாலு பேர் இருக்கும் பட்டறையில், எப்படி வருகிறதோ அப்படி உட்கார்ந்தேன். அவர் டேப்பைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் வீட்டில் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து, “அன்னிக்கு அளவுக்கு எச்சாப் பேசிட்டேன்” என்றேன். “ரெண்டு நூல் எச்சாப் பேசுனீங்க” என்றார். இந்த மனிதருக்குச் சிரிப்பும் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஆடி 27, திங்கள்

சீட்டு தயார். பார்க்கச் சகிக்கவில்லை. மேடும் பள்ளமுமாக, வெள்ளத்தில் அடித்து வந்த மேஜை மாதிரி இருக்கிறது. குப்புராஜ் பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை எடுத்து வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ரசமட்டத்தைப் பெட்டிக்குள் போட்டார். அவருக்கு அது நிஜமாகவே வலித்தது.

குண்டடம் போய், அங்கே காப்பி குடித்து, திரும்பி வந்தேன். வந்து படுக்காமல் அடுப்படியில் நின்று ரசம் வைத்தேன்.

ஆடி 31, வெள்ளி

நங்கை போன் செய்து, மாடி ரூமில் மஞ்சள் சுண்ணாம்பு காய்ந்துவிட்டது என்றார். காயட்டும்.

ஆவணி 2, ஞாயிறு

அண்ணன் காலை எட்டு மணிக்கே டெம்போவோடு வந்துவிட்டது. டிரைவர், கயிறு, பழைய சாக்குகள், எல்லாம் தயார். என் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் தூக்குவது என்று பார்த்தது. நான் புடவை கட்டிக்கொண்டு மூலனூர் கிளம்பினேன். “வலிச்சா அங்கயே படுத்துக்க அம்மிணி, டெம்போவ அனுப்பறேன்” என்று பின்னாலிருந்து கத்தியது.

பெண் பிடித்துப்போயிற்று. காது விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தேன். பெண்ணே நேராகப் பையனிடம், “எந்தக் காதுங்க?” என்று கேட்டாள். அவன் காட்டினான். அவள் எழுந்து அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிற காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவுதான் விஷயம். இதற்காக அந்த அம்மா தேங்காய் பழமெல்லாம் வாங்கினார்.

மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். வலி இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது. ஆனால் அது நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிய யாருக்கும் இருக்கிற வலி. வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணனுக்குத் தெரியும்படி உட்கார்ந்தேன். நாலரை வரைக்கும் உட்கார்ந்தேன். டிரைவர் டெம்போவுக்குள் தூங்கிப்போனார்.

அண்ணனால் நம்ப முடியவில்லை. “அப்படி என்னத்தத்தான் பண்ணிக் குடுத்தான் அந்த ஆளு?” என்று போய் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் வலது பக்கமாக வழுக்கி, காலை ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சமாளித்தது. மறுபடி நேராக உட்கார்ந்து பார்த்தது. மறுபடி சரிந்தது.

“என்ன அம்மிணி இது? சீட்டு கோணலா இருக்குது!”

“ஆமாங்ணா. நானும் அப்படித்தானுங்ணா. இடுப்பு இடது பக்கம் எறங்கியிருக்குது. அதுக்குத் தக்கன பண்ணுனது.”

சொல்லிவிட்டேன். அண்ணனிடம் அந்தச் சொல்லை நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

அண்ணன் இறங்கவில்லை. வலது காலைத் தரையில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடத்தில் அதற்கு இடுப்பு வலித்திருக்க வேண்டும், கையால் அமுக்கிவிட்டுக்கொண்டது. இவ்வளவு நாள் இல்லாத ஒரு யோசனை அதன் முகத்தில் வந்தது.

“மட்டமான சீட்டுல உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டது.

“ஆமாங்ணா.”

“எத்தன நாளா?”

“மூணு வயசுலருந்துங்ணா” என்றேன்.

அண்ணன் இறங்கிப் போய் டிரைவரை எழுப்பி, காலி டெம்போவைத் திருப்பச் சொன்னது.